பனிக்குச் செய்த டயர் படுவான்கரைக் களியில்: ஒரு பால் வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கினால் மாட்டுப் பட்டிகள் வட்டைகளை விட்டு விலகிவிட வேண்டும். காட்டோரத்து மேய்ச்சல் தரைகளுக்குப் போகிற மாடுகள், அறுவடை முடிந்து தாள் மேய வயலுக்கு இறங்கும்வரை அங்கேதான் நிற்கும். இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி கொட்டுவதும் அதே மாதங்களில்தான். ஆக, பாதை மிக மோசமாக இருக்கும் காலத்தில் மாடு மிகத் தூரத்தில் நிற்கும். மழைக்குப் புல் தழைப்பதால் பாலும் அப்போதுதான் கூடத் தொடங்கும். பால் எடுக்கிறவருக்கு மூன்றும் ஒன்றாக வந்து சேரும்.

இந்த ஆய்வில் வருகிறவர் உன்னிச்சைப் பக்கத்துக் காட்டோரப் பட்டிகளில் காலைப் பாலை எடுத்து, குளிரூட்டும் நிலையத்தில் கொடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர்; முன்பு உழவு மெசினிலும் மோட்டார் சைக்கிளிலும் கான் ஏற்றியவர். வாகனத்தை ஓட்டுவது அவருடைய தம்பியின் மகன். கறந்த பாலை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் குளிரூட்டியாக வேண்டும். அதற்குமேல் போனால் நிலையத்தில் செய்கிற அல்கஹோல் சோதனையில் பால் திரைந்து காட்டும், கானோடு திருப்பிவிடுவார்கள். எனவே வண்டி சேற்றில் ஒரு மணித்தியாலம் நின்றால் நட்டம் டீசலோடு முடியாது. அன்றைய பால் முழுவதும் போகலாம், பட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு மட்டும் அப்படியே நிற்கும்.

அவர் போகிற பாதை மூன்று விதமானது. பாதிக்கு மேல் தார் வீதி. அதற்கப்புறம் கிறவல் வீதி. கடைசியில் வட்டைகளுக்கு நடுவிலும் காட்டோரத்திலும் போகிற வண்டிப் பாதை. களிமண், இடையில் ஒரு மணல் ஓடை, இரண்டு வாய்க்கால் கடவை. பிரச்சினை நடப்பது இந்தக் கடைசித் துண்டில்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். முழுவதும் அப்படியல்ல என்பது பிறகு தெரிந்தது.

வாகனமும் அதோடு வந்த டயரும்

2023 நடுப்பகுதியில் அவர் ஒரு டீசல் கெப் வாங்கினார். நாலு சில்லும் இழுக்கும் வகை, ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே இறக்கப்பட்டது, இங்கேயும் ஒருவர் கைமாறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பாவித்த வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததே. அதனால் கிடைத்ததை வாங்கும் நிலை.

விற்றவர் ஒரு சலுகை சொன்னார். ஜப்பானில் இருந்து வாகனத்தோடு வந்த டயர் நாலைத் தான் கழற்றிக் கொட்டிலில் வைத்திருந்ததாகவும், கட்டைகள், அதாவது தரையில் பதிகிற ரப்பர் முட்டுகள், நன்றாக இருப்பதால் அந்த டயர்களையே போட்டுத் தருவதாகவும். பார்த்தால் உண்மையிலேயே அழகான டயர்தான்: 265/70 ஆர் 16 (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், ரிம் 16 அங்குலம்), ஆழமான பள்ளங்கள், பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து. எம் என்றால் மட், எஸ் என்றால் ஸ்னோ. 'சேறு' என்றே எழுதியிருக்கிற டயரை விட வேறென்ன வேண்டும் என்று வாங்கியவர் நினைத்ததில் குறை சொல்ல முடியாது.

அந்த எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று சிகரம் கொண்ட ஒரு மலையும் அதன் நடுவில் பனிப்பூவும் வரைந்த சின்னம். அதைப் படம் பிடித்து, கனடாவில் எட்மன்டனில் இருக்கிற அக்காவின் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். பதில் குரல் பதிவாக வந்தது: "மாமா, அந்தப் பனிப்பூக் குறி இருக்கெண்டா ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. இஞ்ச முழங்கால் பனியிலயும் இழுத்துக்கொண்டு போகும்." முழங்கால் என்பதை விட்டால், மருமகன் சொன்னது அங்கே வீதியில் அழுத்திக் கிடக்கிற பனிக்குச் சரிதான்.

2023 மாரியில் நடந்தவை

ஒக்டோபர் மழையில் ஒரு குறையும் இல்லை. நனைந்த மணலில் வண்டி நன்றாகவே போனது. மணல் ஓடையைத் தயங்காமல் கடந்தது. ஓட்டுகிற பொடியனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நவம்பர் நடுவில் வயல்கள் நிரம்பி, களி ஊறியபின் கதை மாறியது. முதலாவது வாய்க்கால் கடவையில் வெறுங்கானோடு போகும்போதே நின்றது. இறங்கிப் பார்த்தபோது டயரில் ஒரு பள்ளமும் தெரியவில்லை. கட்டைகளுக்கு நடுவில் களி இறுகி, வெளியே மழமழவென்று பீப்பாய் போல இருந்தது. கத்தி முனையால் பள்ளங்களைத் தோண்டித் துப்புரவாக்கினார்கள். சில்லு இரண்டு சுற்றுச் சுற்றியதும் மறுபடி அதே மழமழப்பு. பக்கத்து வட்டையில் நின்ற உழவு மெசின் வந்து இழுத்துவிட்டது. டிசம்பரில் இது வழக்கமாகிவிட்டது. மெசின்காரருக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம், திரும்பி வந்த கான்கள் இன்னொரு பக்கம்.

ஜனவரியில் நடந்தது வேறு விதம். பால் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மழை தூறிக்கொண்டிருந்த தார் வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் இடையில் இருந்த தூரம் ஓட்டியவரைப் பயப்படுத்திவிட்டது. மாடு தப்பியது. பின்னால் கட்டாமல் நின்ற கான்கள் சரிந்து பால் கொட்டியது. அதன் பிறகுதான் வாகனம் எங்கள் கராஜுக்கு வந்தது. பிரேக்கைப் பார்க்கச் சொல்லித்தான் கொண்டு வந்தார்கள். டயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கழற்றிப் பார்த்தபோது

பிரேக்கில் குறிப்பிடத்தக்க பழுது இல்லை. பட்டைகள் போதிய தடிப்பில் இருந்தன. எண்ணெய்க் கசிவும் இல்லை.

டயரில் 4118 என்ற இலக்கம். 2018ஆம் ஆண்டின் 41ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பக்கச் சுவரில் ஸ்டட்லெஸ் என்ற சொல் புடைப்பாக இருந்தது. ஆணி அடிக்காத பனிக்கால டயருக்கு ஜப்பானில் வழங்கும் பெயர் அது. ஒவ்வொரு கட்டையிலும் நெளிநெளியாக, பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய. விரல் நகத்தால் அழுத்தினால் கட்டை மெத்தென்று அமிழ்ந்தது. கிறவலில் ஓடியதால் ஓரக் கட்டைகளில் சின்னச் சின்னத் துண்டுகள் பிய்ந்திருந்தன. இவ்வகை டயரில் பாதி தேய்ந்ததும் தலைகாட்டுகிற ஒரு மேடை உண்டு. அது தெரிந்தால் இனிப் பனிக்கு உதவாது என்று பொருள். பின் டயர் இரண்டிலும் அந்த மேடை மட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரே மாரியில் இவ்வளவு தேய்வு.

காற்று நாலிலும் 40 இருந்தது, சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில். பாரம் ஏற்றுகிற வண்டி என்று பெற்றோல் செட்டில் அடித்துவிட்டிருக்கிறார்கள். பிறகு அதை யாரும் தொடவில்லை.

அடுத்துக் கண்டது டயரோடு சம்பந்தமில்லாத ஒன்று. முன் சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கி, ஃப்ரீ ஹப் (முன் சில்லை அச்சுத் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பூட்டு) இரண்டையும் லொக்கில் வைத்து, நாலு சில்லு இழுக்கும் லீவரைப் போட்டு, வண்டியைக் கியரில் விட்டோம். இந்த நிலையில் ஒரு சில்லைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இடது சில்லு தன்பாட்டில் சுற்றியது. வலது சில்லு அசையவே இல்லை. இடது ஹப்பின் உள்ளே சேறும் துருவும் ஏறி, லொக் பிடிக்காமல் இருந்தது.

இதை லேசாக எடுக்கக் கூடாது. ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டால் இழுவையில் கால்வாசி போயிற்று என்றுதான் பலர் கணக்குப் போடுவார்கள். உண்மையில் முன் அச்சு முழுவதும் போயிற்று. லொக் இல்லாத சாதாரண டிப்ரன்சல் (அச்சின் இரண்டு சில்லுக்கும் சுற்றைப் பங்கிடுகிற கியர்), பாரம் இல்லாத பக்கத்துக்கே சுற்றை விட்டுவிடும். இங்கே இடப்பக்கத் தண்டு சில்லோடு சேராமல் வெறுமனே சுற்றும், வலது சில்லுக்கு ஒன்றும் வராது. டாஷ்போர்டில் நாலு சில்லு விளக்கு எரிந்துகொண்டே இருக்க, மாரி முழுவதும் பின் சில்லு இரண்டு மட்டும்தான் இழுத்திருக்கிறது.

குற்றம் டயரிலா, ஹப்பிலா?

இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அதனால் முதலில் ஹப்பை மட்டும் கழற்றிக் கழுவி, கிறீஸ் போட்டுச் சரிசெய்து, அதே பனி டயரோடு அதே கடவைக்கு அனுப்பினோம். ஜனவரி முடியவில்லை, களி இன்னும் ஊறியே இருந்தது.

வெறும் வண்டி கடந்தது. பாலோடு திரும்பும்போது நின்றது. காற்றை 22க்கு இறக்கியதும், பின்னுக்கும் முன்னுக்கும் ஆட்டி ஆட்டி வெளியே வந்தது. மூன்றாவது விடயம், டயரில் களி அப்புவது இம்மியும் மாறவில்லை. ஆக, நின்றுபோன நாட்களில் பெரும்பங்கு ஹப்பினாலும் காற்றினாலும் வந்தது. ஆனாலும் டயருக்கும் அதில் பங்குண்டு. தார் வீதியில் வழுக்கியது முழுக்க டயரின் கணக்கு.

பனியில் இழுக்கிற டயர் களியில் ஏன் இழுக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அந்த எம் பிளஸ் எஸ் எழுத்தே அந்த எண்ணத்தை வளர்க்கிறது. அது டயர் செய்கிறவர் தானே போட்டுக்கொள்கிற எழுத்து. பள்ளங்களின் அளவையும் அமைப்பையும் பார்த்துப் போடுவது. ஓட்டிப் பார்த்த சோதனை ஒன்றும் அதற்குப் பின்னால் இல்லை. 1999இல் வந்த பனிப்பூச் சின்னத்துக்குச் சோதனை உண்டு. அதுவும் அழுத்திய பனியில் டயர் எப்படிப் பிடிக்கிறது என்கிற சோதனை. இடுப்பளவு புதுப் பனியைப் பற்றியே அது ஒன்றும் சொல்லாது; களியைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

பனிக்கால டயரின் கட்டைகளும் மெல்லிய வெட்டுகளும் பனியைக் கவ்வி வைத்துக்கொள்ளச் செய்யப்பட்டவை. பனி பனியோடு ஒட்டும். பள்ளத்தில் இறுகிய பனி தரையில் உள்ள பனியைப் பிடித்து வண்டியைத் தள்ளும். அங்கே நிறைந்த பள்ளம் நல்ல பள்ளம். ஈரக் களி அப்படியல்ல. களிக்கும் களிக்கும் நடுவில் தண்ணீர் நின்று வழுக்கும். இங்கே பள்ளம் காலியாக இருக்க வேண்டும். சுற்றும்போதே சேற்றை உதறி எறிய வேண்டும். அதற்குக் கட்டைகள் பெரிதாகவும் தள்ளித்தள்ளியும் இருக்க வேண்டும். மெல்லிய வெட்டுகளால் ஒரு பிரயோசனமும் இல்லை, அவைதான் முதலில் அடைபடும். ஆகவே ஒன்றின் திறமையே மற்றதன் குறை.

ரப்பரும் வேறு. பனிக்கால டயரின் ரப்பரை 7 பாகை செல்சியசுக்குக் கீழேயும் விறைக்காமல் இருக்கும்படி கலக்கிறார்கள். மட்டக்களப்பில் மார்கழிப் பின்னிரவில்கூட அந்தக் குளிர் வராது. இங்கே அது எப்போதும் அளவுக்கு மீறி இளகியே இருக்கும். நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் கட்டைகள் நெளியும், நிற்கும் தூரம் நீளும். வெயிலில் வேகமாகத் தேயும், கிறவலில் பிய்யும். கராஜில் நின்ற ஒருவர், "நுவரெலியாவில குடுத்தா வாங்குவானுகள்" என்றார். அங்கேயும் உறைபனி சில விடியற்காலைகளில் புல்லின்மேல் படிவதோடு சரி. பகலில் அது பனி டயருக்கான ஊரில்லை.

எடுத்துப் பார்த்த தெரிவுகள்

டயர் மாற்றுவது என்று முடிவானதும் உரிமையாளர் விரும்பியது எம்.டி. எனப்படும் சேற்று டயர், 265/75 ஆர் 16. பொடியனுக்கு அதில் ஆசை அதிகம், பார்வைக்கும் எடுப்பு. களியில் அது மற்ற எதையும் விட நன்றாக இழுக்கும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாதையில் பாதிக்கு மேல் தார். கட்டைகள் தள்ளியிருப்பதால் நனைந்த தாரில் தரையைத் தொடுகிற ரப்பர் குறைவு. நிற்கும் தூரம் மறுபடி நீளும். ஆளைக் கொல்லப் பார்த்தது தார் வீதி, வாய்க்கால் இல்லை. இதை அவரிடம் நேராகச் சொன்னேன். விலையும் கூட, எடையும் கூட, தாரில் தேய்வும் கூட என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏறாவூரில் டயர் கடை வைத்திருக்கிற ஒரு நானா வேறு வழி சொன்னார்: பின்னுக்கு மட்டும் லொறிகளுக்குப் போடுகிற 7.50–16 கட்டை டயர் இரண்டு. மலிவு, எங்கும் கிடைக்கும், பாரம் தாங்கும். பின் சில்லு மட்டும் இழுக்கிற லொறிக்கு நல்ல யோசனைதான். நாலு சில்லு இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் உயரம் வேறானால், இறுகின தரையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும்; கியர்ப் பெட்டிதான் அதற்கு விலை கொடுக்கும். ரிம்மும் வேறு தேட வேண்டும். நானாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாலும் ஒண்டாப் போடுங்க, மிக்ஸ் பண்ணாதீங்க" என்று அவரே விட்டுவிட்டார்.

சங்கிலி கட்டுவதையும் மருமகன் சொல்லியிருந்தார். பனிப் பாதையில் அது பல காலமாகப் பயன்படுகிற வழி. களியிலும் ஓரளவு உதவும். ஆனால் களி முடிந்ததும் கழற்ற வேண்டும், அடுத்த கடவையில் மறுபடி கட்ட வேண்டும், பால் காத்துக்கொண்டிருக்காது. பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டை வைக்கிற யோசனையும் அவருடையதுதான். அங்கே வெறும் கெப்பின் பின்புறம் இலேசாக இருப்பதால் அப்படிச் செய்கிறார்கள். இங்கே களியில் பாரம் கூடினால் சில்லு அமிழும். வெறும் வண்டி கடந்து, பாலேற்றிய வண்டி நின்றதே அதற்கு அத்தாட்சி.

அடுத்தது அகலம். ஆழமான பனியில் ஓட்டுகிறவர்களிடம் இதற்கு இரண்டு வழக்கம். அடியில் இறுகிய தரை எட்டும் ஆழம் என்றால் ஒடுங்கிய டயர். அது பனியை அறுத்துக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். அடி எட்டாத பனி என்றால் அகலமான பெரிய டயர், மிகக் குறைந்த காற்று. மேலே மிதந்து போகும். ஐஸ்லாந்தில் 38 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான டயர்களில் காற்றை 5 இறாத்தலுக்கும் கீழே இறக்கி, பனிப்பாறைகளின் மேல் ஓடுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று இருக்கிறது: வண்டியின் வயிறு பனியில் தட்டிவிட்டால், சில்லு எதுவாக இருந்தாலும் அந்தரத்தில்தான் சுற்றும்.

இந்தக் கேள்வி களிக்கும் அப்படியே பொருந்தும். அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பொடியன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதை நெடுகக் குத்திப் பார்த்தான். பெரும்பாலான இடங்களில் ஒரு சாணுக்குள் கம்பி முட்டியது. மாட்டு வண்டியும் உழவு மெசினும் பல வருடம் மிதித்து இறுக்கிய தரை. இரண்டு வாய்க்கால் கடவையிலும் கம்பி நிற்காமல் இறங்கியது. இந்தக் கம்பிச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, ஆனால் பிறகு எடுத்த எல்லா முடிவும் இதில் தங்கியிருந்தது.

எடுத்த முடிவு

டயர் ஏ.டி. வகை, அதாவது தாருக்கும் மண் பாதைக்கும் பொதுவானது, 245/75 ஆர் 16, நாலும் ஒரே மாதிரி, பாரம் தாங்கும் தரம். உயரம் ஏறக்குறைய 774 மில்லிமீற்றர். பழைய 265/70 ஆர் 16 இன் உயரம் 777. எனவே கியர்க் கணக்கோ வேகமானியோ மாறாது. அகலம் மட்டும் 20 மில்லிமீற்றர் குறையும். இறுகிய அடியுள்ள பாதைக்கு அது நல்லது. களியை எம்.டி. அளவுக்கு உதறாது என்பதைத் தெரிந்துகொண்டேதான் தேர்ந்தோம்.

எம்.டி.க்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசத்தை அவர் கடவைகளில் போட்டார். கமக்காரர் அமைப்பிடம் கேட்டு, வாய்க்காலின் நீரோட்டம் தடைபடாதபடி தென்னங்குற்றிகளைப் பக்கம்பக்கமாக இறக்கி, மேலே கிறவல் கொட்டினார்கள். அடியில்லாத இடத்துக்கு டயர் தேடுவதை விட அடி போடுவது மலிவு. என்னைக் கேட்டால் இந்த முழு விவகாரத்திலும் செய்த நல்ல வேலை இதுதான். தன் பாதையும் திருந்துகிறது என்பதால் வயல்காரரும் கைகொடுத்தார்கள்.

காற்றுக்கு ஒரு ஒழுங்கு வைத்தோம். தாரிலும் கிறவலிலும் பாரத்துக்கேற்ப 35 முதல் 40. களி தொடங்கும் மரத்தடியில் நிறுத்தி 20 ஆக இறக்குவது. அந்தக் காற்றில் மெதுவாக மட்டுமே ஓடுவது. திரும்பித் தாருக்கு ஏறுமுன் பற்றறியில் வேலை செய்யும் சின்னப் பம்பால் மறுபடி அடிப்பது. காற்று இறங்கினால் டயர் பக்கவாட்டில் பரவுவதை விட நீளவாட்டில்தான் கூடுதலாகப் பதியும். அந்த நீளம்தான் இழுக்கும். 15க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுபோகும் ஆபத்து உண்டு. அதனால் 20ஓடு நிறுத்தினோம்.

ஓடுகிற தண்ணீரில் இறங்குவதில்லை என்பதும் அப்போதே பேசிக்கொண்டது. டயரில் காற்றிருக்கிறது, வண்டியின் உடம்பிலும் காற்றிருக்கிறது. தண்ணீர் ஏறினால் பாரம் குறைந்து சில்லு தரையை விட ஆரம்பிக்கும். நல்ல டயர் போட்டவருக்கு இது மறந்துபோவதுதான் வழக்கம்.

2024/25 மாரி

நவம்பர் கடைசி வாரத்தில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியது. 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு மெசினை விடக் களிக்கும் தண்ணீருக்கும் பெரிய சில்லுள்ள வாகனம் நம்மிடம் இல்லை. பால் வண்டி அந்த நாட்களில் கிறவல் வீதியைத் தாண்டவே இல்லை. பட்டியில் கன்றுகளை ஊட்டவிட்டார்கள். மிச்சப் பாலை வாடியிலேயே தயிராக உறைய வைத்தார்கள். நட்டம்தான், ஆனால் அதைப் பற்றி உரிமையாளர் இன்றுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தபோது, இரண்டாவது கடவையின் குற்றிகள் சில இடம்பெயர்ந்து கிடந்தன. முதலாவது அப்படியே இருந்தது. மறுபடி அடுக்கி, இந்த முறை இருபுறமும் முளை அடித்துக் கட்டினார்கள்.

டிசம்பரில் ஒருமுறை வண்டி ஓடைக் கரையில் நின்றது. பம்பின் பியூஸ் எரிந்துபோனதால், இறக்கினால் திரும்ப அடிக்க வழியில்லை என்று பொடியன் காற்றை இறக்காமலே போயிருக்கிறான். அவன் நினைத்தது நியாயம்தான். ஒரு மிதி பம்பாவது வண்டியில் இருந்திருக்க வேண்டும். டயரில் களி அப்பியிருந்தது, ஆனால் தோண்டாமலே, கொஞ்சம் வேகமாகச் சுற்றியதும் பாதி உதிர்ந்தது. பலகை வைத்து வெளியே எடுத்தார்கள். உழவு மெசின் தேவைப்படவில்லை.

ஜனவரியில் பெரிய செலவு ஒன்று வந்தது. காட்டோரத்தில் வெட்டி விட்ட ஒரு கட்டையின் முனை, பின் இடது டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. காற்று 20இல் இருக்கும்போது பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் கட்டையோ கூர்க்கல்லோ பட்டால் தாங்காது. பக்கச் சுவர்க் கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியாது, டயர் போனது போனதுதான். களிக்கு இறக்கிய காற்றோடு காட்டுத் துண்டையும் ஓடியதால் வந்தது இது. அதன் பின் காட்டோரம் தொடங்குமுன் 28க்கு ஏற்றுகிறார்கள்.

தார் வீதியில் அந்த மாரி முழுவதும் வழுக்கல் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. பெப்ரவரியில் அளந்தபோது மற்ற மூன்று டயரிலும் தேய்வு 2 மில்லிமீற்றருக்குள். பால் திரும்பிய நாட்கள் வெள்ள வாரத்தை விட்டால் மிகச் சில. உரிமையாளர் இன்னும் எம்.டி. பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. ஓடைக் கரையில் நின்ற அன்று அது இருந்திருந்தால் நின்றிருக்காது என்கிறார். இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

இதே வேலை இன்னொருவருக்கு என்றால், வாகனம் வாங்குகிற அன்றே முன் சில்லு இரண்டையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். அதற்குக் கால் மணித்தியாலமும் ஒரு ஜக்கும் போதும். ஃப்ரீ ஹப்பை ஒவ்வொரு மாரிக்கு முன்னும் கழற்றிக் கழுவ வேண்டும். வாய்க்காலில் இறங்குகிற வண்டிக்கு ஒரு வருடம் என்பதே நீண்ட காலம்.

சில்லுக் கூட்டில் இடம் இருந்தால் 235/85 ஆர் 16 போட்டுப் பார்க்கலாம். உயரம் 806 மில்லிமீற்றர். அச்சு ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் உயரும், அகலம் இன்னும் 10 மில்லிமீற்றர் குறையும். இந்தப் பாதைக்கு அது இன்னும் பொருந்தும். வேகமானி கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதை ஓட்டுகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த வண்டியில் திருப்பும்போது சில்லு உரசியதால் விட்டுவிட்டோம்.

ஜப்பானில் இருந்து வந்த வாகனம் எதுவாயினும் டயரில் மலையும் பனிப்பூவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும், தார் வீதிக்கு அதைப் போடாமல் இருப்பதே நல்லது. இந்த வண்டியின் பனி டயர் மூன்றை, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாதபடி துளையிட்டு, பட்டியில் வைக்கோல் போடுகிற தொட்டியாக வைத்திருக்கிறார்கள்.

நாலாவது இன்னும் ஸ்பெயார் டயராக வண்டியின் அடியில் தொங்குகிறது. கிழிந்த டயருக்குப் பதிலாக ஒன்று வாங்கிய கையோடு ஸ்பெயாருக்கும் வாங்கக் காசு போதவில்லை. உயரம் கிட்டத்தட்ட ஒத்துவருவதால் அவசரத்துக்குப் பூட்டலாம். பூட்டினால் தாரில் மெதுவாக ஓடி, நாலு சில்லு லீவரைத் தொடாமல் ஊர் வந்து சேர வேண்டும் என்று பொடியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாரிக்கு முன் அதையும் 245/75 ஆகவே மாற்றுவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.